குண்டக்கல்லில் இறங்காதவள்

அய்யாக்கண்ணுவுக்கு இந்தியா முழுவதும் இனாம். செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே பணிமனையில் காலமெல்லாம் வெல்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு, வருஷத்துக்கு இரண்டு தடவை ரயில்வே இலவசப் பாஸ் கொடுக்கிறது. பெண்டாட்டியோடு ஏ.சி. பெட்டியில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு காஷ்மீர் வரைக்கும் போகலாம், கன்னியாகுமரி வரைக்கும் போகலாம், கேட்பார் கிடையாது. வேலையில் இருந்த காலத்தில் பாஸ் இன்னும் தாராளம். இவ்வளவு கொடுப்பினை இருந்தும், அவர் மனைவி கமலத்திடம் நீ பார்த்த ஊர்கள் எவை என்று கேட்டால் காஜிப்பேட்டை, ஜோலார்பேட்டை, அரக்கோணம், குண்டக்கல், காரக்பூர் என்று சொல்லுவாள். மற்ற ஜனங்கள் தண்ணீர் பாட்டில் வாங்க மட்டும் இறங்குகிற ஊர்கள் இவை.

எல்லாம் பிரேக் ஜர்னி செய்த வேலை. பாஸில் போகிறவர் நடுவழியில் ஓர் ஊரில் இறங்கி, ஓரிரு நாள் இருந்துவிட்டு, அதே பாஸில் மறுபடி ஏறிப் போகலாம் என்பது ரயில்வே கொடுத்திருக்கும் சலுகை. அதைக் கண்டுபிடித்த மகராசன் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பான். அவனுக்கு அய்யாக்கண்ணுவின் குடும்பத்தைத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து ரயில்வே வேலைக்கு ஒரு தாத்தா வந்தார். அவர் மச்சானை இழுத்தார், மச்சான் பங்காளியை இழுத்தார், இப்போது இன்ஜின் ஷெட் இருக்கிற ஊரில் எல்லாம் அவர்களுக்குச் சொந்தம் இருக்கிறது. சொந்தம் இருக்கிற ஊர் வழியாகப் போகும்போது இறங்காமல் போனால் அது மரியாதையா என்பது அய்யாக்கண்ணுவின் கேள்வி.

ஒரு சமயம் தாஜ்மகால் பார்க்கக் கிளம்பினார்கள். காஜிப்பேட்டையில் சித்தப்பா வீட்டில் ஒரே ஒரு நாள் என்று இறங்கினார்கள். அன்றைக்கென்று சித்தப்பா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள், அது நிச்சயதார்த்தத்தில் போய் நின்றது, லீவு அங்கேயே தீர்ந்தது. செகந்திராபாத்திலிருந்து காஜிப்பேட்டை இரண்டரை மணி நேரப் பயணம். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவதற்குக்கூடக் கொஞ்சம் நாள் பிடிக்கும். டார்ஜிலிங் காரக்பூரோடு நின்றது. அங்கே மாமா வீட்டில் பாகப்பிரிவினைச் சண்டை, அய்யாக்கண்ணு மத்தியஸ்தம். டார்ஜிலிங் குளிருக்கென்று பின்னிய ஸ்வெட்டரை கமலம் மாமாவின் பேத்திக்குப் போட்டுவிட்டுத் திரும்பினாள். கன்னியாகுமரி ஜோலார்பேட்டையில் முடிந்தது. அங்கே பெரியம்மா ஒருத்தி, இவர்கள் இறங்கிய மறுநாள் செத்துப்போனாள். அவளை மட்டும் குறை சொல்ல முடியாது.

கமலத்துக்குக் கோவா ஆசை வந்தது நஸ்ரினால். குஷாய்குடாவில் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் வாணியம்பாடிப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆபீஸ் தோழிகளோடு கோவா போய் வந்தவள், போனில் ஒரு வீடியோ காட்டினாள். அதில் ஒரு படகு கயிற்றைக் கட்டி இழுக்க, பாராசூட்டில் தொங்கியபடி நஸ்ரின் கடலுக்கு மேலே எழும்பிப் போனாள். சுடிதார் காற்றில் படபடக்க, தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பனைமரத்தைவிட உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கையை ஆட்டினாள். கமலம் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாள்.

"வயசானவங்கள ஏத்துவாங்களா?" என்று கேட்டாள்.

"எங்க கூட ஒரு குஜராத்தி ஆன்ட்டி ஏறினாங்க. உங்கள விட வெயிட்டு," என்றாள் நஸ்ரின்.

அவ்வளவுதான். கமலம் பிடித்தால் உடும்புப் பிடி. அறுபது தாண்டிய பிறகு ஒருத்திக்கு ஆகாயத்தில் பறக்க ஆசை வரலாமா என்று நாலு பேர் கேட்பார்கள்; அவளுக்கு அந்த நாலு பேரைத் தெரியும், அவர்கள் எல்லோரும் ஷெட் இருக்கிற ஊர்களில் இருந்தார்கள். வாழ்நாள் முழுக்க ரயில்வே குவார்ட்டர்ஸ் ஜன்னலில் நின்று, ஊர் ஊராகப் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே பருப்பு கடைந்தவள் அவள். இந்த வருஷப் பாஸில் ஒன்று கோவாவுக்கு என்று ஒற்றைக் காலில் நின்றாள். அய்யாக்கண்ணு முதலில் சிரித்தார், பிறகு முழங்கால் வலி என்றார், பிறகு வெயில் என்றார். கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "சரி, போட்டுத் தொலைக்கிறேன்," என்று ஒப்புக்கொண்டார். கமலம் அன்றே நஸ்ரினோடு ஏ.எஸ்.ராவ் நகர் கடைத்தெருவுக்குப் போய், தனக்கென்று முதல்முதலாக ஒரு சுடிதார் வாங்கினாள். பச்சை நிறம், முழங்கை வரை கை.

பாஸ் இப்போதெல்லாம் போனிலேயே வருகிறது. வந்த அன்று அய்யாக்கண்ணு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் பெருமையாக நீட்டினார். கமலம் பத்தாவது வரை படித்தவள், ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். செகந்திராபாத்திலிருந்து கோவாவின் மட்காவ் ஸ்டேஷன். நல்லது. அதற்குக் கீழே பிரேக் ஜர்னி, குண்டக்கல்.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இது இன்னா?"

"நம்ம பூங்காவனம் பேரனுக்குக் காது குத்தறாங்க. வெள்ளிக்கிழமை காலைல. புதன் சாயங்காலம் எறங்கிட்டா, வெள்ளி சாயங்காலமே அடுத்த வண்டில ஏறிக்கலாம். வழியிலதானே குண்டக்கல் இருக்குது," என்றார் அய்யாக்கண்ணு. பூங்காவனம் அவருடைய தங்கை. புருஷனுக்குக் குண்டக்கல் லோகோ ஷெட்டில் வேலை.

"காஜிப்பேட்டையும் வழியிலதான் இருந்துச்சு."

"அது வேற, இது வேற. ரெண்டே நாளு."

"பூங்காவனம் வீட்டுல ரெண்டு நாள்ல யாராவது கிளம்பியிருக்காங்களா? மஞ்சத் தண்ணி ஊத்தி, கறி விருந்து போட்டு, போன மாசத்துச் சண்டையப் பேசி முடிக்கவே ஞாயித்துக்கிழமை ஆயிடும். அப்புறம் நீங்க, இவ்ளோ தூரம் வந்ததே போதும், வீட்டுக்குப் போலாம்னு சொல்லுவீங்க. எனக்குத் தெரியாதா?"

"எதுக்கு இவ்ளோ ஆத்திரப்படற? பாஸ வீணாக்கச் சொல்றியா?"

கமலத்துக்கு ஆத்திரம் வரத்தான் செய்தது. ஆனால் அவள் சத்தம் போடவில்லை. இத்தனை வருஷம் சத்தம் போட்டுப் பார்த்தாயிற்று, சத்தத்துக்கு அய்யாக்கண்ணு ஒரு ஃபேன் காற்று அளவுக்குத்தான் மதிப்புக் கொடுப்பார். அவள் சொன்னாள்: "நக்கோ. எனக்கு உங்க பாஸ் நக்கோ, வேணாம். நீங்க குண்டக்கல்ல எறங்குங்க. நான் எறங்க மாட்டேன்."

சேலைக்கு ஃபால்ஸ் தைத்துச் சேர்த்த காசு இருந்தது. மாடிக்குப் போனாள். நஸ்ரின் போனிலேயே டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள், அதே புதன்கிழமை வண்டியில், ஸ்லீப்பர் வகுப்பில், நேரே மட்காவ். கோல்வா கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு அறையும் பிடித்துக் கொடுத்தாள். "அங்கிள் கோச்சுக்க மாட்டாரா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டாள். கோபித்துக்கொள்ளட்டும் என்றாள் கமலம்.

விஷயம் கேள்விப்பட்டு, பெங்களூரிலிருந்து மகன் மோகன் போன் செய்தான். "அம்மா, தனியா கோவாவா? அடுத்த வருஷம் நானே கூட்டிட்டுப் போறேன்," என்றான். அடுத்த வருஷம் என்ற ஊருக்கு எந்த ஸ்டேஷனிலும் வண்டி கிடையாது என்பது கமலத்துக்குத் தெரியும். அவனிடம் பேத்தியின் சளியைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்தாள். பூங்காவனமும் போன் செய்தாள். அண்ணி வராமல் பேரனுக்குக் காது குத்துவதா, ஜனங்கள் என்ன பேசும் என்று அழுதாள். சீர் எல்லாம் வந்துவிடும், கவலைப்படாதே என்று கமலம் சமாதானம் சொன்னாள். அய்யாக்கண்ணுவின் கணக்கு வேறு. ரயில்வேக்காரனுக்குத் தெரியாதா, வண்டியில் ஏறட்டும், குண்டக்கல் பிளாட்பாரத்தில் தங்கை குடும்பத்தோடு வந்து நிற்கும்போது எந்தப் பொம்பளை இறங்காமல் உட்கார்ந்திருப்பாள் என்று அவர் தெம்பாக இருந்தார்.

புதன்கிழமை காலை செகந்திராபாத்தில் ஏறினார்கள். அவர் ஏ.சி. பெட்டி, அவள் ஸ்லீப்பர் பெட்டி. ஒரே வீட்டிலிருந்து ஒரே ஆட்டோவில் வந்தவர்கள் பிளாட்பாரத்தில் ஆளுக்கொரு திசையில் நடந்ததைப் பார்த்துப் போர்ட்டர் ஒருவர் குழம்பிப்போய் நின்றார்.

மகபூப்நகர் தாண்டியதும் அய்யாக்கண்ணு முதல் தடவை வந்தார். எலுமிச்சை சாதம் கமலத்தின் பையில் இருந்தது. சாப்பிட்டுவிட்டு, "அந்தப் பெட்டில பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்குது, வந்து படு, டி.டி.ஈ. நம்ம ஆளுதான்," என்றார். அவள் மோர் ஊற்றிக் கொடுத்தாள். கர்னூல் தாண்டியதும் இரண்டாவது தடவை வந்தார். கையில் அவளுக்குப் பிடித்த வெங்காய பஜ்ஜி. எதிர் சீட்டில் இருந்தவரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வெளியே காய்ந்த கரிசல் நிலம் ஓடிக்கொண்டிருந்தது.

"கமலா, வெளையாட்டு போதும். குண்டக்கல் வரப் போவுது. பைய எடுத்து வெச்சுக்கோ."

"நான் வெளையாடல."

"கோவால யாரு இருக்காங்க நமக்கு?"

"யாரும் இல்ல. அதுக்குத்தான் போறேன்."

அவர் பஜ்ஜிக் காகிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார். "எறங்கினா எந்தப் பக்கம் போறது? பாஷை வேற. சோறு கிடைக்குமா, யாரு சமைச்சதுன்னு எப்படித் தெரியும்? லாட்ஜுல ராத்திரி ஒடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரக் கூப்பிடுவ? ஒரு ஊருல போய் எறங்கினா, வாங்கன்னு சொல்ல ஒரு ஆளு வேணாமா?"

கமலம் அவர் முகத்தைப் பார்த்தாள். வெல்டிங் பொறிபட்டுப் புள்ளி விழுந்த அந்த முகத்தில் இப்படியொரு கலக்கத்தை அவள் பார்த்ததில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இந்த மனுஷர் இந்தியா முழுக்கப் பாஸ் வைத்திருந்தும், தன்னை அழைத்துப் போக ஆள் வராத ஒரு ஸ்டேஷனில் இதுவரை காலை வைத்ததே இல்லை. காஜிப்பேட்டையில் சித்தப்பா வந்து நின்றார், காரக்பூரில் மாமா வந்து நின்றார். யாரும் வந்து நிற்காத ஊர் என்றால் அவருக்குப் பயம். சொந்தபந்தம், மரியாதை, பாஸ் வீணாகக் கூடாது என்றெல்லாம் சொன்னது இந்தப் பயத்தின் மேல் போட்ட போர்வை. தாஜ்மகாலை அவளிடமிருந்து பறித்தது சித்தப்பா மகளின் நிச்சயதார்த்தம் இல்லை.

அவளுக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. நிஜமாகவே வந்தது. கையை நீட்டி அவர் முழங்காலைத் தொட்டாள். இரக்கத்துக்கு இவ்வளவுதான் கொடுக்கலாம், கோவாவைக் கொடுக்க முடியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"எனக்கும் பயந்தான். நீங்க வேணும்னா என் கூட வாங்க. இல்லன்னா எறங்குங்க. நான் போறேன்," என்றாள்.

"இந்த வண்டில எனக்கு ரிசர்வேஷன் குண்டக்கல் வரைக்கும்தான் இருக்குது," என்றார் அவர். டி.டி.ஈ. நம்ம ஆளுதான் என்று மத்தியானம் சொன்னதை அவரே மறந்துவிட்டார். அவள் நினைவுபடுத்தவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் குண்டக்கல் வந்தது. பெரிய ஜங்ஷன், வண்டி சாவகாசமாக நிற்கும். பூங்காவனம் சும்மா வரவில்லை. புருஷன், மகள், மருமகன், காது குத்தப்போகிற பிள்ளை, சம்பந்தியம்மாள் என்று ஒரு பட்டாளத்தோடு வந்திருந்தாள். ஏ.சி. பெட்டி வாசலில் அண்ணனைப் பிடித்து இறக்கினார்கள், மருமகன் பெட்டியை வாங்கிக்கொண்டான். பிறகு பட்டாளம் ஸ்லீப்பர் பெட்டியை நோக்கி ஓடிவந்தது. கமலம் வாசலுக்கே வந்து நின்றாள். அவள் கையில் ஒரு கட்டைப்பை இருந்தது.

"எறங்கு அண்ணி," என்றாள் பூங்காவனம், மூச்சு வாங்க.

கமலம் குனிந்து பையைக் கொடுத்தாள். "சீர் சாமான் எல்லாம் இதுல இருக்குது. குழந்தைக்குத் துணி, உனக்குச் சேலை, தட்டுல வைக்கற வெத்தலைகூட ஈரத் துணியில சுத்தி வெச்சிருக்கேன். ஆசாரிக்கு வேட்டி துண்டு அடியில இருக்குது. ஒண்ணும் கொறை இல்ல."

"நீ இல்லாம சீரா? எங்க மானம் போவுது அண்ணி. சம்பந்தியம்மா கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

சம்பந்தியம்மாள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"கோவாவுக்குப் போயிருக்கான்னு சொல்லு," என்றாள் கமலம்.

பூங்காவனம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பாசமாகப் பிடித்தாளா இழுக்கப் பிடித்தாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கமலம் மற்றக் கையால் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மகள் கெஞ்சினாள், மருமகன் 'ரெண்டே நாள் அத்தை' என்றான், பிள்ளையைத் தூக்கிக் காட்டினார்கள். பிள்ளை அழகாகத்தான் இருந்தது. அதன் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தாள். ஆனால் பாதம் படியில் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அய்யாக்கண்ணு இரண்டடி தள்ளி நின்றார். அவர் கூப்பிடவும் இல்லை, தங்கையைத் தடுக்கவும் இல்லை, வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாங்க என்று கமலம் ஒரு தரம் கண்ணால் கேட்டாள். அவர் காலை எடுத்து வைப்பதுபோல் இருந்தது. அதற்குள் மச்சான் அவர் தோளில் கையைப் போட்டு, டீ குடிக்கலாம் வா என்று திருப்பிவிட்டார்.

வண்டி நகர்ந்தது. பூங்காவனம் மணிக்கட்டை விட்டாள். கமலம் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் அழுதாள். எதிர் சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்துவிட்டு, பெல்லாரி வருவதற்குள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மட்காவில் விடிவதற்கு முன் இறங்கினாள். மற்றவர்களை அழைத்துப் போக ஆட்கள் வந்திருந்தார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள். அவளை யாரும் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் அவளுக்கும் அய்யாக்கண்ணுவின் அதே பயம் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு பூக்கூடையோடு போன ஒரு கிழவியிடம் தெரிந்த ஹிந்தியில் கோல்வா பஸ் எங்கே என்று கேட்டாள். கிழவி கொங்கணியில் பதில் சொன்னாள், கையால் வழி காட்டினாள். அது போதுமாக இருந்தது.

ஆனால் கோவா அவளுக்காகக் கம்பளம் விரித்துக் காத்திருக்கவில்லை. அறையில் குளித்து, பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனால், மணலில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். காற்று அதிகம், இன்றைக்குப் பாராசூட் கிடையாது என்றான் படகுக்காரன் எட்வின். கமலம் கொடியை முறைத்தாள், கடலை முறைத்தாள். கடல் பெரியதாக, அவளைப் பற்றி அக்கறை இல்லாததாக இருந்தது. நாளைக்கு வருவேன், முதல் ஆள் நான்தான் என்று எட்வினிடம் சொல்லிவிட்டு, சுற்றுலா பஸ்ஸில் ஏறினாள். வந்த இடத்தில் சும்மா உட்கார்ந்து மூக்கால் அழுவதற்கு அவள் என்ன காஜிப்பேட்டைக்கா வந்திருக்கிறாள்?

பஸ் பழைய கோவாவின் பெரிய மாதா கோயில்களுக்குப் போயிற்று. கூரை அவ்வளவு உயரத்தில் இருந்ததால் கழுத்து வலிக்கப் பார்த்தாள், வெள்ளிப் பேழையில் இருந்த புனிதருக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மங்கேஷி கோயிலில் விளக்குத் தூண் கோபுரம் மாதிரி நின்றது. பிரகாரத்தில் உட்கார்ந்து இளைப்பாறினாள். சாயங்காலம் மாண்டவி ஆற்றில் படகு விட்டார்கள். மேல்தளத்தில் பாட்டுப் போட்டு, தம்பதிகள் எல்லாம் மேடைக்கு வாருங்கள், ஆடுங்கள் என்றார்கள். தம்பதிகள் போய் ஆடினார்கள். பிறகு பெண்கள் எல்லாம் வாருங்கள் என்றார்கள். கமலம் எழுந்து போனாள். லாலாகுடா காலனியில் அம்மன் கரகத்துக்கு ஆடிய ஆட்டம்தான் அவளுக்குத் தெரியும், அதையே ஆடினாள். நாக்பூர்க்காரிகள் நாலு பேர் அவளைப் பார்த்து அதே மாதிரி ஆடிக் காட்டினார்கள். அறைக்குத் திரும்பும்போது, இதற்கெல்லாம் சிரித்துப் பேசிக்கொள்ள அந்த மனுஷர் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. இருந்ததை இல்லை என்று அவள் தன்னிடமே பொய் சொல்லிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கொடி இல்லை. எட்வின் அவளைப் பார்த்துச் சிரித்தான். வயது கேட்டான், இருதய நோய் உண்டா என்று கேட்டான், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டான். யாரும் இல்லை என்றாள். சரி, பயந்தால் கையைத் தூக்குங்கள், இறக்கிவிடுவோம் என்றான். படகில் ஏற்றிப் போய் இடுப்பிலும் தொடையிலும் பெல்ட்டை இறுக்கினார்கள். படகு பாய்ந்தது, கயிறு விறைத்தது, பலகையிலிருந்து அவள் கால் விட்டுப்போயிற்று.

கமலம் கத்தினாள். அம்மா என்றாள், முருகா என்றாள், எட்வினை நல்ல வட ஆற்காட்டு வசவில் ஒன்று வைதாள். கண்ணை மூடிக்கொண்டாள். கையைத் தூக்கவில்லை. சத்தமெல்லாம் கீழே போய்விட்ட பிறகு கண்ணைத் திறந்தாள். படகு ஒரு செருப்பு அளவு தெரிந்தது. தென்னை மரங்களின் தலை தெரிந்தது, கரை வளைந்து வளைந்து போவது தெரிந்தது, எதிரே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. பயம் போகவில்லை. பயத்தோடு கூடவே ஒரு சந்தோஷம் நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது, அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இறக்கும்போது வேண்டுமென்றே கடலில் இடுப்பு வரை முக்கி எடுத்தார்கள். உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு கரையேறியவள், எட்வினின் மேஜையில் விட்டிருந்த பையை எடுத்துக்கொண்டு நேரே போய் வரிசையின் கடைசியில் மறுபடி நின்றாள்.

அப்போது போன் அடித்தது. பின்னால் நாதஸ்வரச் சத்தம் கேட்டது.

"கமலா, காது குத்தி முடிஞ்சிது," என்றார் அய்யாக்கண்ணு.

"புள்ள அழுதானா?"

"அழுதான். சீர் நல்லா இருந்துச்சுன்னு சம்பந்தியம்மா சொன்னாங்க. நீ இன்னா பண்ற?"

"மேல போயிட்டு வந்துட்டேன்."

"பயந்தியா?" என்று கேட்டார்.

"ரொம்ப பயந்தேன். இப்ப ரெண்டாவது தடவைக்கு லைன்ல நிக்கிறேன்."

நாதஸ்வரம் தூரமாகப் போயிற்று. அவர் எங்கோ தனியாக வந்து நின்று பேசுகிறார் என்று தெரிந்தது. "இன்னிக்கு சாயங்காலம் வண்டி இருக்குது. பாஸ்ல நம்ம ரெண்டு பேருக்கும் அங்க வரைக்கும் போட்டது அப்படியே இருக்குது. பூங்காவனம் ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்துட்டுப் போவச் சொல்றா. நான்... வரட்டுமா?"

"வாங்க."

"விடிகாலைல ஸ்டேஷனுக்கு வந்துடுவ இல்ல?"

வருகிறேன் என்ற வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகிய நாக்கு அது. அவள் அதை விழுங்கினாள்.

"வர மாட்டேன்."

"கமலா..."

"ஸ்டேஷன விட்டு வெளிய வந்து, கோல்வா பஸ் எங்கன்னு கேளுங்க. யாராவது சொல்லுவாங்க. கடைசி ஸ்டாப்புல எறங்கி நேரா நடந்தா கடல். நான் அங்கதான் இருப்பேன்."

"ஒரு ஆளுகூட இல்லாம எப்படிம்மா எறங்கறது?"

"முதல்ல ஒரு கால வைங்க, அப்புறம் இன்னொரு கால. போன வைங்க, என் முறை வந்துடுச்சு."

போனைப் பைக்குள் போட்டு எட்வினின் மேஜையில் வைத்துவிட்டு, பெல்ட் மாட்டுவதற்குத் தோதாக இரண்டு கையையும் அகட்டிக்கொண்டு படகை நோக்கி நடந்தாள்.